படுத்து வளர்ந்த முளைப்பாரி

1

இந்தப் பங்குனியில் என் வீட்டு நிலவறையில் நடந்ததை எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவன் என்றால் மந்திரிசபையையும் யுத்தக் கப்பலையும் பற்றி எழுதுவான் என்று ஊரில் எதிர்பார்ப்பார்கள். அவற்றைச் சென்னைப் பத்திரிகைகள் எனக்கு முன்பே அச்சிட்டுவிடுகின்றன. நான் எழுதப்போவது பட்டாணியும் தட்டைப்பயறும் வளர்ந்த விதத்தைப் பற்றி.

என்னை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மானகிரியில் வயலும் கிணறும் உள்ள குடும்பத்தில் பிறந்தேன். காரைக்குடியில் ஒரு வாரப் பத்திரிகையில் அச்சுப்பிழை திருத்தினேன், பிறகு செய்தி எழுதினேன். அங்கிருந்து சுமத்ரா தீவின் மேடான் நகரம். அங்கே ஒரு செட்டியார் கடையில் கணக்கெழுதிக்கொண்டே டச்சு மொழி கற்று, டச்சுக்காரர் பத்திரிகை ஒன்றில் சேர்ந்தேன். ரப்பர் விலை விழுந்தபோது பத்திரிகையும் விழுந்தது. அதன் ஆசிரியர் தாய்நாடு திரும்பும்போது, "கீழைத் தீவுகளின் பெயர்களைப் பிழையில்லாமல் எழுத எனக்கு ஒரு ஆள் வேண்டும்" என்று என்னையும் அழைத்துக்கொண்டார். இப்போது ஹாலந்தில் ஒரு பல்கலைக்கழக ஊரில் இருக்கிறோம். நான், என் மனைவி அங்கம்மாள், மேடானில் பிறந்த இளைய மகள் வள்ளி.

கால்வாய்க் கரையில் ஒடுக்கமான செங்கல் வீடு. ஒரு பக்கம் ரொட்டிக்கடை. கீழே கரி போட்டுவைக்க ஒரு நிலவறை. ரொட்டிக்கடை அடுப்பு அதன் சுவரை ஒட்டியிருப்பதால் பனிக்காலத்திலும் அங்கே மட்டும் நம் ஊர் மார்கழியின் சூடு இருக்கும். அங்கம்மாள் சில நாள் வேலை இல்லாமலே அங்கே போய் உட்கார்ந்திருப்பாள்.

ஒரு காலை நான் தொப்பியை மாட்டும்போது அவள் கேட்டாள்:

"ஏங்க, இந்த ஊருல நல்ல சாணி எங்குட்டுக் கெடைக்கும்?"

"என்ன சாணி?"

"மாட்டுச் சாணிதான். குதிரச் சாணியவா கேக்கப் போறேன்?"

எதற்கு என்று நான் கேட்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். அந்தக் காரணத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவனே நான்தான்.

2

அதற்குச் சில வாரங்களுக்கு முன் பத்திரிகை வேலையாக இவ்வூர்ப் பல்கலைக்கழகத்தின் தாவர ஆய்வகத்துக்குப் போயிருந்தேன். செடி எப்படி வளர்கிறது என்பதை ஆராய்கிறார்கள். தண்ணீர், உரம், வெயில் என்று நாம் சொல்வோம். அவர்கள் கேட்பது வேறு. தண்ணீரும் உரமும் இருந்தாலும், "இப்போது நீளு, இப்போது நில், இந்தப் பக்கம் திரும்பு" என்று செடிக்குள் உத்தரவு கொடுப்பது எது?

ஆய்வகத்தின் உதவியாளர் குமாரி யான்சென் என்னை ஓர் இருட்டறைக்குள் அழைத்துப் போனார். நாற்பதை நெருங்கும் பெண்மணி. நிறையச் சிரிப்பார், ஆனால் கை நடுங்காது. மங்கலான சிவப்பு விளக்கு ஒன்றுதான் எரிந்தது. அந்த நிற ஒளியை நோக்கி முளை வளைவதில்லையாம். வரிசை வரிசையாகக் கண்ணாடிக் குப்பிகளில் ஓட்ஸ் முளைகள். ஓட்ஸ் இங்கே குதிரைக்கும் குழந்தைக்கும் கொடுக்கும் தானியம். வெயிலையே பார்க்காத முளைகள் வெளிறி, நேராக, ஊசிபோல நின்றன.

அவர் செய்ததை அப்படியே எழுதுகிறேன். சவர அலகால் ஒரு முளையின் நுனியைச் சீவினார். நுனி போனதும் வளர்ச்சி நின்றுவிடும் என்றார். சீவிய நுனியைக் கடல்பாசிக் கூழால் ஆன சிறு கட்டியின்மேல் உட்கார வைத்தார். சற்று நேரம் கழித்து நுனியைத் தூக்கி எறிந்தார். கூழ்க் கட்டியை மட்டும் எடுத்து, மொட்டையாக நின்ற இன்னொரு தண்டின் ஓரத்தில் ஒருபுறமாக ஒட்டவைத்தார். நாங்கள் காப்பி குடித்துவிட்டுத் திரும்பியபோது அந்தத் தண்டு வளைந்திருந்தது. கூழ் ஒட்டிய பக்கம் மட்டும் நீண்டு, மறுபக்கம் சாய்ந்துவிட்டது.

ஆக, நுனியிலிருந்து ஏதோ ஒன்று கூழில் இறங்கியிருக்கிறது. கூழிலிருந்து தண்டில் இறங்கியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு. அதற்கு உயிர் கிடையாது, அது ஒரு ரசாயனப் பொருள். வளர்ச்சிப் பொருள் என்கிறார்கள். அதே பொருள் மனித மூத்திரத்தில் கிடைக்கிறது என்பதால் ரசாயனக்காரர்கள் பீப்பாய் பீப்பாயாய் அதைக் காய்ச்சி வடிக்கிறார்கள். இந்த ஒரு வரியை மட்டும் என் ஆசிரியர் அடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வாசகர்கள் காலை உணவோடு படிப்பார்களாம்.

குமாரி யான்சென் சொன்ன இன்னொன்று வீடு வரும் வழியெல்லாம் என்னோடு வந்தது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று அறிவது நுனி. ஆனால் வளைவது நுனியல்ல, அதற்குக் கீழே வெகுதூரத்தில் உள்ள தண்டு. மானகிரியில் மூத்த மகளுக்கு ஒன்று என்றால் இங்கே அங்கம்மாள் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாளே, அதை நினைத்துக்கொண்டேன். பத்திரிகைக்கு எழுதிய கட்டுரையில் இதைச் சேர்க்கவில்லை.

இரவு உணவின்போது அங்கம்மாளிடம் அந்த இருட்டறையை விவரித்தேன். அவள் கையிலிருந்த கரண்டி நின்றது.

"வெளிச்சம் உள்ள வராதா?"

"வராது."

"செருப்பக் கழட்டிட்டுத்தான் போனீகளா?"

"இல்லை, அது..."

"முளப்பாரி வீட்டுக்குள்ள செருப்போட போயிட்டு வந்திருக்கீக. ஆம்பளையும் போகக் கூடாது, செருப்பும் போகக் கூடாது. ரெண்டையும் பண்ணிட்டு வந்து கதை சொல்றீக!"

நம் பக்கத்து வாசகர்களுக்கு முளைப்பாரியை விளக்க வேண்டியதில்லை. வெளியூரார்க்காக ஒரு வரி: அம்மன் திருவிழாவுக்குப் பெண்கள் பல வீட்டுத் தானியங்களைச் சட்டியில் விதைத்து, வெளிச்சம் படாத அறையில் வளர்ப்பார்கள். வெளிறி, உயரமாய், நேராய் வரும் முளை அந்தக் குடும்பத்துக்கு நல்லது சொல்லும். பிறகு ஊர்வலமாகத் தூக்கிப் போய் ஊருணியில் கரைப்பார்கள்.

 தட்டை எடுத்துக்கொண்டு எழுந்த அங்கம்மாள் நிலவறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

3

எங்கள் மூத்த மகள் சிவகாமி மானகிரியில் இருக்கிறாள். ஹாலந்துக்குக் கப்பல் ஏறுமுன் ஊருக்குப் போய், அவளை அவளுடைய தாய்மாமனுக்கே கட்டிக்கொடுத்தோம். அங்கம்மாளின் ஒரே தம்பி வெள்ளைச்சாமி. தாய் இறந்தபின் அங்கம்மாள் தன் இடுப்பில் வைத்து வளர்த்தவன். எனவே எனக்கு மருமகனும் அவன், மைத்துனனும் அவன். ஐந்து ஆண்டுகளாக நாங்கள் மகளைப் பார்க்கவில்லை. இந்தத் தை மாதத்தில் கடிதம் வந்தது: சிவகாமிக்குத் தலைப்பிரசவம், பங்குனியில்.

தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வரவேண்டும். வலி எடுத்ததும் தாய் மகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, தன் நெஞ்சில் அவள் முதுகைச் சாய்த்துத் தாங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். மருத்துவச்சி முன்னால், தாய் பின்னால். எங்கள் பக்கத்து ஏற்பாடு அது.

"பிள்ள தாய்வீட்டுக்கு வரணும்ல. நம்ம வீடு எங்குட்டு இருக்கு?" என்று கேட்டாள் அங்கம்மாள். மானகிரி வீட்டில் இப்போது கூட்டுப்பங்காளிகள் இருக்கிறார்கள். இங்கே இருப்பதோ வாடகை வீடு. 

அவளை அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தோம். பாஸ்போர்ட்டுக்காகத் துறைமுக நகரத்து அலுவலகத்துக்கு இருவரும் போனோம். அதிகாரி மரியாதையானவர். அங்கம்மாளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். அவள் மேடானுக்கு வந்தது என் பாஸ்போர்ட்டில், ஹாலந்துக்கு வந்தது டச்சுக்காரர் கொடுத்த குடியேற்றத் தாளில். தனியாகப் போக வேண்டுமென்றால் அவள் என் மனைவி என்பதற்குச் சான்று வேண்டும்.

"திருமணம் எங்கே நடந்தது?"

"மானகிரி அம்மன் கோயிலில்."

"பதிவு செய்தவர் யார்?"

"பதிவு இல்லை. ஊரே பார்த்தது."

அவர் பேனாவை மேலே தூக்கி, ஊர் என்பதை எப்படி எழுதுவது என்று யோசித்தார். பிறகு கிராம முன்சீப்பின் வாக்குமூலம், அதன்மேல் தாசில்தார் கையெழுத்து, அதன் மொழிபெயர்ப்பு என்று மூன்றையும் சொன்னார். தபால் போய், கையெழுத்தாகித் திரும்பி வருவதற்குள் சித்திரையும் கழிந்துவிடும்.

"என்னவாம்?" என்று கேட்டாள் அங்கம்மாள். சொன்னேன்.

"இம்புட்டு வயசுப் பொம்பளப் பிள்ளைக்கு ஆத்தா நாந்தேன்னு சொல்றேன். அவருக்கு இன்னும் நான் ஒங்க பொண்டாட்டியான்னே சந்தேகமாக்கும்!" என்றவள், அதிகாரியைப் பார்த்து டச்சில் தனக்குத் தெரிந்த ஒரே வாக்கியத்தை, "மிக்க நன்றி" என்பதைச் சொல்லிவிட்டு எழுந்தாள். ரயிலில் ஜன்னல் பக்கமே முகம் வைத்திருந்தாள். வாக்குமூலத்துக்கு அன்றே எழுதினேன். ஆனால் பங்குனிக்கு அது உதவாது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

அதன்பின்தான் நான் இருட்டறைக் கதை சொன்னதும், அவள் சாணி கேட்டதும்.

4

ஹாலந்தில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் மாட்டுச் சாணத்துக்கு வராது. ஒரு சனிக்கிழமை மூடி போட்ட வாளியோடு டிராமில் ஏறி ஊருக்கு வெளியே போனோம். வள்ளி எங்களோடு வர ஒப்புக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு.

"நான் அந்தக் கோடியில உக்காந்துக்கிறேன். யாராச்சும் ஏறுனா எனக்கு ஒங்களத் தெரியாது."

"பெத்தவளத் தெரியாதாம்ல!" என்றாள் அங்கம்மாள்.

"வாளியத்தான் ஆத்தா தெரியாது."

வள்ளிக்குப் பதினான்கு வயது. எண்ணுவதும் கோபப்படுவதும் கனவு காண்பதும் டச்சில். தமிழ் சோறு, தூக்கம், சளி ஆகியவற்றுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. சிவகாமியை அவள் கடைசியாகப் பார்த்தபோது ஒன்பது வயது. அக்காள் என்றால் அவளுக்கு ஒரு புகைப்படம். அதோடு சில வாரங்களாக அவளுக்கு ஓயாத தலைவலி வேறு. கண்ணாடி போடவேண்டியிருக்கும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள்.

பண்ணைக்காரர் மரக்காலணியோடு வந்து, "தோட்டத்துக்கா?" என்று கேட்டார். நான் யோசித்துவிட்டு, "வழிபாட்டுக்கு" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு வாளியைத் தன் கையாலேயே நிரப்பிக் கொடுத்தார். சமையலறை அடுப்பின் பின்னால் அது காய்ந்துகொண்டிருந்த நாட்களில் ரொட்டிக்கடைக்காரர் மனைவி இரண்டு முறை வந்து எங்கள் சாக்கடை அடைத்துக்கொண்டதா என்று பரிவோடு விசாரித்தாள்.

தானியம் அக்கம்பக்க வீடுகளில் வாங்கியதாக இருக்கவேண்டும். வெள்ளைச்சாமி சென்ற ஆண்டு பார்சலில் அனுப்பிய தட்டைப்பயறு கையில் இருந்தது. மற்றதற்கு அங்கம்மாள் சுளகுக்குப் பதில் ஒரு பீங்கான் தட்டை ஏந்திக்கொண்டு, மொழிபெயர்க்க வள்ளியை இழுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். ரொட்டிக்கடையில் கோதுமை. எதிர்வீட்டு விதவையிடம் பட்டாணி. படகுக்காரர் வீட்டில் பார்லி. எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் வள்ளி தரையைப் பார்த்தபடி, "என் அக்காளுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது" என்று சொன்னாளாம். தானியத்தோடு எதிர்வீட்டு விதவை கம்பளியில் பின்னிய சிறு காலுறையும் கொடுத்தனுப்பினாள். மானகிரி வெயிலில் அதைப் போட்டால் குழந்தை வெந்துபோகும். அங்கம்மாள் அதைச் சேலைகளுக்கு நடுவே பத்திரப்படுத்தினாள்.

பொடித்த சாணமும் வைக்கோலும் இட்ட தகரத் தட்டில் நனைத்த விதைகள் இறங்கின. தட்டு நிலவறைக்குப் போனது. நான் இறங்கக் கூடாது என்று உத்தரவு. காலையில் குளித்துவிட்டு அவள் தண்ணீர் தெளிக்கப் போகும் ஓசை கேட்கும். பிறகு கும்மிப் பாட்டு, மெல்ல, கைதட்டல் இல்லாமல். ஒரே ஆள் கும்மி. அதைக் கேட்டுக்கொண்டே நான் முகம் சவரம் செய்வேன்.

5

சில நாட்களில் பாட்டு நின்றது. தண்ணீர் தெளிக்கும் ஓசை மட்டும் கேட்டது. அவள் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவாள். கேட்டால், "பசிக்கல" என்பாள்.

வள்ளிதான் சொன்னாள். பள்ளிக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தவள் திரும்பி, தாழ்ந்த குரலில், "அய்யா, ஆத்தாவோட பயிரெல்லாம் படுத்துக்கெடக்கு" என்றாள்.

"அழுகிவிட்டதா?"

"அழுகல. உசுரோடதான் இருக்கு. ஆனா மேல போகாமப் பக்கத்துல போகுது. ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னுச்சு."

மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு இறங்கினேன். அங்கம்மாள் கரிக்குவியலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். வரவேண்டாம் என்று சொல்லக் கையைத் தூக்கியவள் கீழே போட்டுவிட்டாள்.

"பாருங்க. இனிமே பாத்தா என்ன."

பட்டாணி விரற்கடை உயரம்கூட இல்லை. தண்டு மெலிந்து நீளவேண்டிய இடத்தில் தடித்து வீங்கியிருந்தது. நிமிர்ந்து நிற்கவேண்டியவை தரையோடு கிடையாகப் போய்க்கொண்டிருந்தன. தட்டைப்பயறும் குட்டையாய்க் குறுகி, அரிவாள் மூக்குபோலக் கொக்கியிட்டுக் கிடந்தது. கருகல் இல்லை, பூசணம் இல்லை. திடமாக, ஆரோக்கியமாக, தவறான திசையில் வளர்ந்துகொண்டிருந்தன.

ஊரில் ஒருத்தி முளைப்பாரி இப்படி வந்தால் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். மற்றப் பெண்கள் அந்தச் சட்டியை மறைத்தாற்போல நின்றுகொள்வார்கள். இங்கே மறைத்து நிற்க ஆளில்லை.

"அவளுக்கு மாசம் இதுதான்" என்றாள் அங்கம்மாள்.

"சாணம் வேறு, குளிர் வேறு. ஊர் மண்ணா இது?"

"பக்கத்து வீட்டுக் கோதும, எதுத்த வீட்டுப் பட்டாணி. அதுக இந்த ஊருதான? இந்த ஊருக் குளிரு அதுகளுக்குத் தெரியாதா? அதுகளும்ல படுத்திருக்கு?"

இது செய்தியாளன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பட்டாணி இந்நாட்டுப் பயிர். குளிரால் அது இப்படி ஆகாது. அலுவலகம் போகும் வழியில் ஆய்வகத்துக்குத் திரும்பினேன்.

6

குமாரி யான்சென் சிரித்துக்கொண்டே வரவேற்று, நான் பேசப் பேசச் சிரிப்பை விட்டார்.

"குட்டையா?"

"ஆம்."

"தண்டு தடிப்பா? கிடையாகப் போகிறதா?"

"ஆம்."

"உங்கள் வீட்டு வாயு மீட்டர் எங்கே இருக்கிறது?"

"நிலவறையில், கதவுக்குப் பின்னால்."

"எப்படி வெளிச்சம் பிடித்துப் பார்த்தீர்கள்?"

"மெழுகுவர்த்தி."

அவர் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். "வழியில் பேசுவோம்" என்றார்.

அவர் சொன்னது இது. சமையலுக்கும் விளக்குக்கும் குழாயில் வரும் நிலக்கரி வாயுவில் எத்திலீன் என்ற ஒரு பொருள் சிறிதளவு உண்டு. மூக்குக்கு எட்டாத அளவு கசிந்தாலும் இருட்டில் வளரும் பட்டாணிக்கு அது தெரிந்துவிடும். நுனியிலிருந்து இறங்கும் வளர்ச்சிப் பொருள் "நீளு" என்று சொல்லுமானால், இது அந்தச் சொல்லைக் குலைக்கிறது. தண்டு நீளாமல் பருக்கிறது, மேலே போகாமல் பக்கவாட்டில் திரும்புகிறது. அது எப்படி நடக்கிறதென்று இன்னும் யாருக்கும் முழுதாகத் தெரியாது. ஆனால் தாவர ஆய்வகம் எதுவும் இருட்டறைக்குள் வாயுக் குழாயை விடுவதில்லை. விட்டால் ஒரு வாரத்து வேலை படுத்துவிடும். பழுத்த பழங்களும் இதை மூச்சாக விடுகின்றனவாம். புகையிலும் இருக்கிறதாம். காரைக்குடிச் சந்தைக்கு வாழைத்தாரைக் குழியில் இறக்கிப் புகைமூட்டம் போட்டுப் பழுக்கவைப்பதைச் சொன்னேன். நடுத்தெருவில் நின்று அதைக் குறித்துக்கொண்டார்.

அவர் நிலவறைக்கு இறங்குமுன் காலணியைக் கழற்றினார். நான் சொல்லவில்லை, அங்கம்மாளும் சொல்லவில்லை. அங்கம்மாளின் வெறுங்காலைப் பார்த்து அவரே புரிந்துகொண்டிருக்க வேண்டும். இருட்டில் தடவிப் பார்த்து, "பாடப்புத்தகத்தில் இருப்பது போலவே" என்று முணுமுணுத்தார். பிற்பகல் வாயுக் கம்பெனி ஆள் வந்து இணைப்புகளில் சோப்பு நுரை தடவினார். மீட்டருக்குப் பின்னால், சுவரை ஒட்டிய இணைப்பில், நுரை மெல்லக் குமிழ்விட்டது.

"பெரிய கசிவு இல்லை. ஆனால் நாளாக ஆகப் பெரிதாகும், மேலே தூங்குகிறவர் ஒரு காலை எழுந்திருக்கமாட்டார். இந்த அறைக்கு மேலே யார் படுக்கிறார்கள்?" என்று கேட்டார் அவர்.

வள்ளி படுக்கிறாள்.

அவர் இணைப்பைச் சரிசெய்து போனபின் எல்லாவற்றையும் அங்கம்மாளுக்குத் தமிழில் சொன்னேன். வாயு, எத்திலீன், வளர்ச்சிப் பொருள், வள்ளியின் தலைவலி. என் விளக்கத்தில் ஓட்டை இல்லை என்றே நினைத்தேன். மகிழ்வாள் என்றும் நினைத்தேன்.

அவள் நிலவறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"எப்படி வளஞ்சுச்சுன்னு சொல்லிட்டீக. எதுக்கு வளஞ்சுச்சுன்னு நீக சொல்ல முடியுமா?"

"வாயுவால்தான்..."

"அது எப்படி. நான் கேக்குறது எதுக்குன்னு. பெரியவளுக்காக வெதச்சேன். சின்னவளக் காப்பாத்திக் குடுத்திருக்கா ஆத்தா. சரி. ஒருத்தியக் குடுத்தா." அவள் குரல் தாழ்ந்தது. "ஒரு வேண்டுதலுக்கு ஒரு பிள்ளதான குடுப்பா? நான் ரெண்டு வெதக்கலையே."

பட்டாணியின் தண்டுக்குள் நடப்பதை ஒருவாறு அறிந்துகொண்டவன், வள்ளி படுக்கும் அறைக்குப் போய் ஜன்னலைத் திறந்துவைத்தேன்.

7

திரும்பவும் விதைக்கலாமே என்று வள்ளி கேட்டாள். ஒரு வேண்டுதலுக்கு ஒரு விதைப்புதான் என்றாள் அங்கம்மாள். தட்டு அங்கேயே இருந்தது. அவள் தண்ணீர் தெளிப்பதை மட்டும் விடவில்லை.

கசிவு நின்ற பிறகு கிடையாகக் கிடந்த தண்டுகளின் முனைகள் மேலே திரும்பின. குமாரி யான்சென் அப்படி ஆகும் என்று சொல்லியிருந்தார். வீங்கிய பழைய பகுதி வளைந்தபடியே இருக்கும், அது இனி மாறாது. அதன்பின் வளர்வது நேராகப் போகும். போனது. ஒவ்வொரு செடியும் கால் மடக்கி உட்கார்ந்து தலை நிமிர்த்திய மாதிரி இருந்தது. வள்ளி பள்ளியிலிருந்து வந்ததும் இறங்கிப் பார்த்து, "இன்னிக்கும் ஒசந்திருக்கு ஆத்தா" என்பாள். அவள் தலைவலி போய்விட்டது. அங்கம்மாள், "ஒசரட்டும்" என்பாள்.  வாசலில் சைக்கிள் மணி கேட்டால் மட்டும் எழுந்து நின்றுவிடுவாள். இங்கே தந்திக்காரன் சைக்கிளில்தான் வருவான். பால்காரனும் அப்படித்தான்.

தந்தி ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. காரைக்குடித் தந்தி ஆபீசில் யாரோ எழுதிக்கொடுத்த இங்கிலீஷ். அதைத் தமிழில் படித்தேன்.

"பெண் குழந்தை. சிவகாமி சுகம். வெள்ளைச்சாமி."

அங்கம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். வள்ளி அவளைக் கட்டிக்கொண்டு டச்சில் ஏதோ கத்தினாள். நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

"அம்புட்டுத்தானா?"

"அவ்வளவுதான்."

"இன்னொரு தடவ படிங்க."

படித்தேன்.

"யாரு தாங்கிப் புடிச்சாகன்னு போடலையா?"

"தந்தியில் அதெல்லாம் போடமாட்டார்கள். கடிதம் வரும்."

"கடுதாசி வர்ற வரைக்கும் நான் என்னத்த நெனச்சுக்கிட்டு இருக்க? பங்காளி வீட்டுப் பொம்பளைகளா? சாக்கோட்டைச் சின்னாத்தாளுக்கு இடுப்பே வளையாது. யாரு மேல சாஞ்சு பெத்தா எம்பிள்ள? கேளுங்க."

தபால் ஆபீசில் குமாஸ்தா நான் எழுதிக்கொடுத்ததை இரண்டு முறை படித்தார். 'அவளைத் தாங்கியது யார்?' அவ்வளவுதான் செய்தி. செட்டியார் கடைகளுக்குத் தினமும் சங்கேதத் தந்தி போவதைப் பார்த்துப் பழகிய காரைக்குடியில் இது யாரையும் வியக்கவைத்திருக்காது. இவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "வியாபாரச் சங்கேதமா?" என்று கேட்டார்.

"இல்லை, அது கேள்விதான்" என்றேன்.

8

ஞாயிறு காலை முளைப்பாரியைக் கரைத்தோம். சர்ச் மணி அடித்துக்கொண்டிருந்தது. அங்கம்மாள் தலையில் தகரத் தட்டு, நெற்றியில் பெரிய பொட்டு, பட்டுச்சேலைக்கு மேல் என்னுடைய பழைய கம்பளிக் கோட்டு. வீட்டுக்கும் கால்வாய்க்கும் நடுவே ஒரு தெருவின் அகலம்தான். அதையும் அவள் ஊர்வலமாகவே நடந்தாள். ரொட்டிக்கடைக்காரர் மனைவி கதவைத் திறந்து நின்றாள். கோதுமை அவள் வீட்டுடையது அல்லவா. எதிர்வீட்டு விதவை குடையோடு வந்தாள். குமாரி யான்சென் சைக்கிளில் வந்து, ஒரே ஒரு பட்டாணிச் செடியை ஆய்வகத்துக்குக் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அங்கம்மாள் யோசித்துவிட்டு, மஞ்சள் தடவி, கொடுத்தாள்.

தட்டை நீரில் சாய்க்குமுன் அவள் குலவையிட்டாள். கால்வாயின் இரு கரைச் செங்கல் சுவர்களிலும் மோதி அது திரும்பி வந்தது. வாத்துகள் எழும்பிப் பறந்தன. படகிலிருந்து ஒருவர் தலை நீட்டித் தொப்பியை உயர்த்தினார்.

"ஆத்தா, போலீசு வந்துரும்" என்றாள் வள்ளி, பல்லுக்கிடையில்.

"வரட்டும். அவருக்கும் ஒரு பொட்டு வச்சு விடுவோம்."

வள்ளி சுற்றிலும் பார்த்தாள். பள்ளித் தோழிகள் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டாள். பிறகு தட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். செடிகள் கொத்தாக மிதந்து, ஒன்றிரண்டாகப் பிரிந்து, பாலத்தின் அடியில் போய் மறைந்தன. நம் ஊருணி நீர் எங்கும் போகாது. போட்டது கண்ணெதிரே மெல்ல அமிழும். இங்கே கால்வாய் ஆற்றில் சேர்ந்து கடலுக்குப் போய்விடுகிறது. அங்கம்மாள் பாலத்தின் மறுபுறம் ஓடிப்போய், அவை வெளியே வருவதையும் பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள்.

பதில் தந்தி மறுநாள் வந்தது. முந்தியதை விடச் சிறியது.

"நான்தான் தாங்கினேன். வெள்ளைச்சாமி."

நான் படித்து முடித்தும் அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு?"

"உன் தம்பி."

"அவனா? அந்த அறைக்குள்ளயா?" அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளா என்று வள்ளி குனிந்து பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து நீரும் ஓடிக்கொண்டிருந்தது. "கெடா வெட்டுற அன்னிக்கு ரத்தத்தப் பாக்க மாட்டாம வயக்காட்டுக்கு ஓடிப்போற பயல்ல அவன்! பொம்பளைக அம்புட்டுப் பேரும் பாத்துக்கிட்டு நிக்க, உள்ள போயி ஒக்காந்தானா? எம்பிள்ளையத் தன் நெஞ்சுல சாச்சுக்கிட்டா?"

"அப்படித்தான் எழுதியிருக்கிறான்."

"எந் தம்பி" என்றாள். தந்தியை என் கையிலிருந்து வாங்கினாள். படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றாள். பிறகு நிமிர்ந்தாள்.

"ஏங்க, எல்லாரும் பிள்ளையப் பாத்திருப்பாக, தாயப் பாத்திருப்பாக. வெளிய வந்ததும் அவனுக்கு யாரு சோறு போட்டாகளோ?"

நான் தொப்பியை எடுத்துக்கொண்டு மறுபடியும் தபால் ஆபீசுக்குக் கிளம்பினேன்.